ஈட்டி மரம் அறுத்துத் தர வடசென்னையில் ஆசாரி வேண்டும்

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் கிடாரின் ஃப்ரெட்போர்டு (கழுத்தின் மேல் விரல் வைத்து அழுத்தும் பலகை) நடுவில் வெடித்துவிட்டது. போன வாரம் ஆயாவின் பழைய கட்டிலைப் பிரித்தபோது ஒரு சட்டம் கிடைத்தது. ஊதா கலந்த கரும்பழுப்பு, கருப்புக் கோடுகள், நல்ல கனம். இழைத்தால் லேசாக இனிப்பு வாசனை. ஈட்டி, அதாவது தோதகத்தி என்றுதான் நினைக்கிறேன்.

கிடார் செய்யப் பேர்போன பிரேசில் ரோஸ்வுட் மரத்துக்கு 1992-ல் உலக வணிகத் தடை வந்தது. மார்ட்டின் என்ற அமெரிக்க கிடார் கம்பெனியோ 1969 வாக்கிலேயே நம்ம ஈட்டிக்கு மாறிவிட்டது. அந்த மரத்தின் மேலேதான் இத்தனை வருஷம் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்!

பக்கத்து மரக்கடைக்காரர் தட்டிப் பார்த்து, "இது வெறும் சிசு மரம்" என்றார். அது ஈட்டிக்கு உறவான, மதிப்புக் குறைந்த மரம். அப்புறம் அவரே விலையும் கேட்டார். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் மரம் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா? புது ஃப்ரெட்போர்டுக்காக அந்தச் சட்டத்தை 50 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 6 மி.மீ. கனத்தில், ரேகை நேராக வரும்படி அறுக்க வேண்டும். பெரிய ரம்பத்தில் கொடுத்தால் பாதி தூளாகிவிடுமோ என்று பயம். ஃப்ரெட் கம்பிகள் பதிக்கும் பள்ளம் வெட்டுவதை நானே பார்த்துக்கொள்வேன். கூலி எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.