38 வயதில் தொலைநிலையில் பி.காம்., முடியுமா?

கேள்வி:
பிளஸ் டூ முடித்து 20 வருடம் ஆகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.காம். சேரலாமா என்று யோசனை. அந்த டிகிரிக்கு மதிப்பு உண்டா? வேலையோடு முடிக்க முடியுமா?

பதில் 1:
மதிப்பு உண்டு நண்பரே. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. ஆனால் எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு அந்த வருடம் அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்வித் தளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் நீட்டிய நோட்டீஸை நம்பி ஒரு சென்டரில் 12,000 ரூபாய் கட்டி ஏமாந்தவன் நான், ரசீதுகூட வெறும் துண்டுச்சீட்டுதான்.

பதில் 2:
தம்பி, நான் 44 வயதில் இக்னோவில் எம்.ஏ. முடித்தேன். பரீட்சைக்கு 70 சதவீதம், அசைன்மென்ட்டுக்கு 30. எல்லாரும் கோட்டைவிடுவது அசைன்மென்ட்டில்தான், ஏனென்றால் அத்தனையையும் கையால் எழுத வேண்டும். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே எழுதியதில் ஒரு தாளில் சாம்பார் கறை, அப்படியே கொடுத்துவிட்டேன், 72 மார்க் வந்தது! மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை இழுக்கலாம், பயப்படாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. இங்கிலீஷ்தான் கொஞ்சம் உதைக்கிறது.

பதில் 3:
அப்படியானால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள், தமிழ் வழியிலும் படிக்கலாம்.