குரூப் பாலிசியில் பார்ட்னரைச் சேர்த்தாச்சு, ஐவிஎஃப் கிளெய்ம் கிடைக்குமா?

கஞ்சிக்கோடு_ஹெச்ஆர்:
கஞ்சிக்கோட்டில் 140 பேர் இருக்கிற யூனிட். கேரள எல்லையில் இருக்கிற வாளையாருக்கு ரெண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வர்றாங்க. ஏப்ரலில் ஹெல்த் பாலிசி புதுப்பிக்கணும். 'ஸ்பௌஸ் அல்லது பார்ட்னர்'னு போன வருஷமே மாத்திட்டோம். இப்ப 2 லட்சம் வரை ஐவிஎஃப் (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) சேர்க்கறோம். புரோக்கர் அனுப்பின வாசகம் இது: "12 மாதம் இயல்பான உறவுக்குப் பிறகும் கருத்தரிக்காத, சட்டப்படி மணமான தம்பதிக்கு." சேர்ந்து வாழ்ற ரெண்டு பெண்களுக்கு இது செல்லுமாங்க?

கிளெய்ம்_மேசை:
செல்லாதுங்க. ஒரே வரியில் ரெண்டு பூட்டு. 2023 அக்டோபர் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறமும் ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு இங்கே சட்ட அங்கீகாரம் இல்லை, அதனால் 'மணமான' அடிபடும். '12 மாதம்' அதைவிட மோசம்: ரெண்டு பெண்கள் 12 வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அந்தக் கட்டத்தில் டிக் விழாது. பார்ட்னர்னு சேர்த்ததுக்குப் பிரீமியம் மட்டும் போகும்.

2021 ஏஆர்டி சட்டத்தில், அதாவது செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில், தம்பதி ஒரு வகை, தனிப் பெண் இன்னொரு வகை. 21 முதல் 50 வயசு வரை ஒரு பெண் தனியாகவே சிகிச்சை எடுக்கலாம். சட்டம் கேட்காத கல்யாணச் சான்றிதழை பாலிசி ஏன் கேட்கணும்? "ஏஆர்டி சட்டப்படி தகுதியுள்ள, பாலிசியில் பெயருள்ள எந்த உறுப்பினருக்கும்"னு எழுதச் சொல்லுங்க. மாதிரி கேட்டாங்கன்னா கலிஃபோர்னியாவின் எஸ்பி 729 சட்டத்தைக் காட்டுங்க. அதில் குழந்தையின்மைன்னா, மருத்துவ உதவி இல்லாமல் தனியாகவோ துணையோடோ குழந்தை பெற முடியாத நிலையும் அடங்கும்.

இன்னொண்ணு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தரப்படுத்தின விலக்குப் பட்டியலில் 17-ஆவது, ஐவிஎஃப், ஐயூஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துறது) எல்லாத்தையும் வெளியே தள்ளும். "விலக்கு 17 இதற்குப் பொருந்தாது"ன்னு எண்டார்ஸ்மென்ட்டில் (பாலிசியோட சேர்க்கிற திருத்தக் குறிப்பு) இல்லைன்னா, கிளெய்ம் பார்க்கிற டிபிஏ ஏஜென்சி அதைக் காட்டித் திருப்பி அனுப்பிரும். முட்டை எடுக்கறது டே கேர், காலையில் போய் சாயந்திரம் வந்துரலாம், ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் தங்கணுங்கிற கணக்கு வராது. அதுக்கு முன்னாடி பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, ஸ்கேன் எல்லாம் ஓபி (வெளிநோயாளி) பில். டே கேர், ஓபி, தானவிந்து, கருவை உறையவைக்கிற செலவுன்னு தனித்தனியா எழுதலைன்னா அந்த 2 லட்சம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆய்வகத்து_ஆள்:
மேலே சொன்னது சரி. "ஒருத்தர் முட்டை, இன்னொருத்தர் கர்ப்பப்பை" முறையை மட்டும் வாக்குறுதியா கொடுத்துடாதீங்க. சட்டத்தின் கண்ணில் முட்டை தர்றவங்க டோனர். டோனர் முட்டை பதிவு பெற்ற வங்கி வழியாத்தான் வரணும், வயசு 23-லிருந்து 35, வாழ்நாளில் ஒரே தடவை. விந்தணுவும் வங்கியிலிருந்துதான், தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வர முடியாது. கிளினிக் பதிவையும் பாருங்க. லெவல் 1-ன்னா ஐயூஐ மட்டும், ஐவிஎஃப்புக்கு லெவல் 2 வேணும்.

பாலக்காட்டான்:
ரெண்டு ஆண்களுக்கு என்ன வழி?

கிளெய்ம்_மேசை:
பாலிசி வாசகத்தால் தீராதுங்க. வாடகைத்தாய்ச் சட்டம் மணமான ஆண்-பெண் தம்பதிக்கும், 35-லிருந்து 45 வயசுக்குள்ள விதவை, விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டும்தான். தத்தெடுப்பில் தனி ஆணுக்குப் பையனை மட்டும் கொடுப்பாங்க, பெண் குழந்தை கிடையாது. இன்சூரன்ஸுக்கு வெளியே, தத்தெடுக்கும் செலவுக்கும் சேர்த்து கம்பெனி ஒரு அலவன்ஸ் கொடுக்கலாம். சம்பளத்தோடு சேர்ந்து வரி விழும். அதையும் கணக்குப் பண்ணித் தொகையை வையுங்க, இல்லைன்னா சமம்னு சொல்லிட்டுக் கம்மியாக் கொடுத்த மாதிரி ஆயிரும்.

கஞ்சிக்கோடு_ஹெச்ஆர்:
ரொம்ப நன்றிங்க. பெத்தது ஊழியரில்லை, அவங்க பார்ட்னர்தான்னா குழந்தை கவரில் வருமா?

கிளெய்ம்_மேசை:
'ஊழியரின் குழந்தை'ன்னு இருந்தா வராது. பிறந்த குழந்தையை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) வைக்கும்போதுதான் இந்த ஓட்டை தெரியும். "பெயருள்ள எந்த உறுப்பினருக்கும் பிறந்த குழந்தை, முதல் நாளிலிருந்து"ன்னு மாத்துங்க. கொட்டேஷன் கேட்கும்போதே இதைப் போட்டுருங்க, பாலிசி கையெழுத்தான பிறகு புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.