ஸ்கஃபோல்டிங்குக்கு "விலகுதுணை" சரிவருமா?

சேர், வணக்கம். ஸ்கஃபோல்டிங் எண்டா, படிக்கிற புள்ளைக்கு முதல்ல துணை குடுத்து, பிறகு அதக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறது. அதுக்குத் தமிழில "விலகுதுணை" எண்டு நான் சொன்னதுக்கு, "சாரக்கட்டு" எண்டே வைப்பம், ஏற்கனவே எழுதுறாங்கதானே எண்டு கேட்டிருந்தீங்க. எழுதுறாங்கதான், ஆனா மட்டக்களப்புப் பக்கம் சாரம் எண்டா புள்ளையளுக்கு இடுப்பில உடுக்கிறதுதான் ஞாபகம் வரும். அத விட்டாலும், சாரக்கட்டுல ஏறி நிக்கிறது மேசன், கட்டடம் சும்மா நிக்கும். ஆக்கவாதம் (constructivism) எண்டுற கல்விக் கொள்கையில அறிவக் கட்டுறதே புள்ளதான், அப்ப படம் தலைகீழாப் போகுது.

ஸ்கஃபோல்டிங் எண்ட சொல்ல 1976ல வூட், புரூனர், ரோஸ் எண்ட மூண்டு ஆய்வாளரும்தான் கல்விக்குள்ள கொண்டுவந்தாங்க. 3, 4, 5 வயசுப் புள்ளையள் மரக்கட்டையால பிரமிட் அடுக்கேக்க, பக்கத்தில இருந்த ஆள் புள்ளைக்கு ஏலாத பகுதிய மட்டும் தான் பாத்துக்கொண்டு ஏலுமானத புள்ளைட கையில விடுறா, அதுக்குத்தான் அந்தப் பேர். ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கி அதுக்கு முதல், 1934லயே காலமாகிட்டார், ஆனா புள்ள தனியச் செய்யிறதுக்கும் துணையோட செய்யிறதுக்கும் இடையில இரிக்கிற வெளியப் பத்திச் சொன்னவர் அவர். அந்தத் துணை பெரிய ஆளா இருக்கலாம், கொஞ்சம் கூடத் தெரிஞ்ச கூட்டாளியாவும் இருக்கலாம் எண்டும் சொன்னார். அதால இதில அக்கரைப்பற்று டீச்சர் ஒராள் சொன்ன "ஆசிரியர் தாங்கல்" எனக்குச் சரியாப் படல்ல, கூட்டாளி வெளியில போயிடுறான்.

உப்புத் தண்ணியில முட்டை மிதக்கிற பாடத்த எடுங்க. நாலு பேர்க் குழு. முதல்ல அட்டவணைய டீச்சரே கீறி "எத்தின கரண்டி உப்பு", "முட்டை எங்க நிக்குது" எண்டு தலைப்பும் போட்டுக் குடுக்கிறா. அடுத்த சோதனைக்குக் கோடு மட்டும், தலைப்ப புள்ளையள் போடணும். அதுக்கடுத்தது கேள்வி மட்டும்தான். குழுவுக்குள்ள விடை தெரிஞ்ச புள்ள அதச் சொல்லாம "இன்னும் ஒரு கரண்டி போட்டுப் பாப்பமா" எண்டு கேக்குது பாருங்க, அதுவும் இதேதான். 2007 பாடத்திட்டத்தோட ஃபைவ் ஈ (5E) எண்டுற அஞ்சு படிக் கற்பித்தல் முறை வந்த பிறகு குழுவேலை எங்களுக்குப் புதுசில்ல, ஆனா தை மாசம் குடுத்த அதே தலைப்புப் போட்ட தாள் கார்த்திகையிலயும் போகுது, துணைய எடுக்கவே மாட்டம் எண்டுறம். எனக்கு இதுதான் கவலை. அதால எடுக்கிற விசயம் சொல்லுக்குள்ளயே இருக்கணும்.

மத்தச் சொல்லுகளையும் பாத்தன். "கொழுகொம்பு" வடிவான சொல்லுத்தான், ஆனா பாவக்கொடிக்கு நட்ட கொம்பப் புடுங்கினா கொடி விழுந்திடும். "படிதுணை" எண்டா கடையில விக்கிற பாஸ்பேப்பர் புத்தகம் மாதிரிக் கேக்குது.

"விலகுதுணை" வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் மாதிரி. விலகின, விலகுற, விலகப்போற துணை மூண்டும் அதுக்குள்ள இரிக்கு, ஒரு நாளில வெட்டெண்டு எடுக்கிறதில்ல, குடுக்கத் தொடங்கேக்கயே விலகவும் தொடங்குது எண்டுற கருத்து வந்திடும். புருசன் பெண்சாதி பிரியிற மாதிரி இரிக்கு எண்டு ஒராள் எழுதியிருந்தாங்க, ஆனா "துணைக்கு வாங்க" எண்டு நாங்க ஆரையும்தானே கூப்பிடுறம், பாடத்தில பழகினா அந்த நினைப்பு வராது.

செயலச் சொல்ல "விலகுதுணை அளித்தல்", குறைச்சுக்கொண்டு போறதுக்குத் "துணை தளர்த்தல்". தாழங்குடாக் கல்வியியற் கல்லூரி ஆக்கள் ஆரும் இதில இருந்தா, கற்பித்தல் பயிற்சிப் பாடக்குறிப்பு ஒண்டில போட்டுப் பாத்து, ஆசிரிய மாணவருக்கு விளக்கம் சொல்லாம விளங்குதா எண்டு எழுதுங்க.