பொருள்: ஸ்டேஷன் கேமரா வசூல் – பணம் அனுப்புமுன் ஒரு வார்த்தை

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம், சலாம்.

செயலாளர் அண்ணன் அனுப்பிய மடலை இரண்டு தரம் படித்தேன். கடைத்தெருவில் ஆரம்பித்து ஊருணிக்கரை வரைக்கும் 16 கேமரா, பெட்டியும் டிவியும் போலீஸ் ஸ்டேஷனில், செலவு மொத்தமும் வெளிநாட்டில் இருக்கிற நம்ம தலையில். புது இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தினார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் போதை மாத்திரை பற்றிப் பேசினார், அவர் கேட்டு நாம் இல்லை என்று சொல்லக்கூடாது என்று அண்ணன் எழுதியிருந்தார். துபாய்த் தம்பி அன்று ராத்திரியே ஒரு பங்கு. கோலாலம்பூர் மாமா இரண்டு பங்கு. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். காசுக்காக அல்ல, யோசித்து எழுத வேண்டும் என்றுதான்.

போலீசும் ஊரும் ஒட்டி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்காரன் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்களே தன்னார்வலராகப் போலீசுக்குக் கை கொடுக்கிற 'காவல்துறை நண்பர்கள்' என்கிற திட்டம் 1993இல் நம்ம ராமநாதபுரத்தில்தான் தொடங்கியது. அப்போது எஸ்.பி. பிரதீப் வி. பிலிப். 1991இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயம்பட்டவர். அன்று அவர் போட்டிருந்த தொப்பியும் பெயர்ப்பட்டையும் கோர்ட்டில் சாட்சிப் பொருளாக 30 வருஷம் கிடந்தன. 2021இல் ஓய்வு பெறும் நாளில் அவற்றை அணிந்துகொள்ள அனுமதி கேட்டு வாங்கினார். அந்தத் திட்டம் நம்ம மாவட்டத்திலிருந்து மாநிலம் முழுக்கப் பரவியது. ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயந்த சனம் சாதாரணமாக உள்ளே போய் வர ஒரு வழி பிறந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதும் எல்லாருக்கும் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை அடைக்கிற நேரத்துத் தகராறு என்று கூட்டிப்போன தகப்பனும் மகனும் செத்துப்போனார்கள். அந்த ராத்திரி ஸ்டேஷனில் காவல்துறை நண்பர்களும் இருந்தார்கள் என்று புகார் கிளம்பி, ஜூலையில் அரசு அந்த அமைப்பையே தடை செய்தது. கடைசியில் சிபிஐ குற்றப்பத்திரிகையில் இடம் பெற்ற ஒன்பது பேருமே போலீஸ்காரர்கள். ஆனாலும் பழி திட்டத்தின் மேல் விழுந்துவிட்டது. முழுக்க அநியாயம் என்றும் சொல்லமாட்டேன். ஊரடங்கு காலத்தில் பனியனும் கையில் லத்தியுமாக ரோட்டில் நின்று சனத்தை அதட்டிய பையன்கள் பல ஊரில் உண்டு. நண்பன் என்று பேர் வாங்கியவன் அரைப் போலீஸ் ஆகிவிட்டான்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். அதே சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குள்ளும் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஐகோர்ட்டுக்கு என்ன எழுதினார் தெரியுமா? டிஸ்க்கில் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று. அந்த ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், நாட்டில் எல்லா ஸ்டேஷனிலும் லாக்கப் முதற்கொண்டு கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நம்ம ஸ்டேஷனில் அது எந்த அளவில் இருக்கிறது என்று செயலாளர் அண்ணன் முதலில் கேட்டுச் சொல்லட்டும். நம்ம தெருவைப் பார்க்கிற கேமராவுக்கு நாம் காசு கொடுக்கிறோம் என்றால், ஸ்டேஷனைப் பார்க்கிற கேமரா ஓடுகிறதா என்று கேட்பதில் என்ன தப்பு? மரியாதையாகக் கேட்டால் நல்ல இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம்ம ஊருக்கு நிஜமாகவே உதவிய ஒரு வேலையைச் சொல்கிறேன். கீழத்தெரு அத்தை தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். சில வருஷம் முன்பு வரை ஒரு காவலர் ரோந்து வரும்போது அங்கே வண்டியை நிறுத்துவார். நிலைப்படிக்குப் பக்கத்து ஆணியில் நூலில் கட்டின பட்டா நோட்டு ஒன்று தொங்கும். பேங்கிலும் நகைக்கடையிலும் வைப்பார்களே, அதே நோட்டு. நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவார். அத்தை மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள். "பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா, கதவை உள்ளே தாழ் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். மொத்தம் ஐந்து நிமிஷம். போன தடவை ஊருக்குப் போனபோது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். பால்பாயிண்ட் மை மங்கிப்போய், ஓரம் மஞ்சள் பூத்து, வரிசையாக ஒரே கையெழுத்து. ஒரு பக்கத்தின் பாதியோடு நின்றுவிட்டது. அவருக்கு மாறுதல் வந்துவிட்டது, அடுத்து வந்தவருக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது. அத்தை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.

நம்மில் பாதிப் பேருக்கு ஊரில் இப்படி ஓர் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். அவர்களுக்கு வருகிற ஆபத்து எது? நகைக்காகச் சுவர் ஏறிக் குதிக்கிறவன் ஒருவன், சரி. ஆனால் இப்போது அதைவிட அதிகமாக வருவது போன். "உங்க மகன் பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, வீடியோ காலை அணைக்காதீங்க, டிஜிட்டல் கைது" என்று காக்கிச் சட்டை போட்டு ஒருவன் மிரட்டினால், மகன் வெளிநாட்டில் இருக்கிற தாய்க்குக் கை கால் ஆடிப்போகும். கடைத்தெருவில் 16 கேமரா இருந்து அதற்கு என்ன செய்யும்? முகம் தெரிந்த ஒரு போலீஸ்காரர் வாரம் ஒருமுறை வந்து, "அப்படிப் போன் வந்தா வைச்சுருங்கம்மா, எனக்குக் கூப்பிடுங்க, பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போடுங்க" என்று சொல்லியிருந்தால் அவன் பேச்சு எடுபடாது.

நான் இருக்கிற சிங்கப்பூரை எல்லாரும் கேமராவுக்கு உதாரணமாகக் காட்டுகிறீர்கள், குறிப்பாக மாமா. சரிதான், வீடமைப்பு அடுக்குமாடிகளில் போலீஸ் கேமரா 2012இல் வர ஆரம்பித்து, 2016க்குள் சுமார் 10,000 புளோக்குகளுக்கு வந்துவிட்டது. ஆனால் இங்கே அக்கம்பக்கப் போலீஸ் நிலையம் என்று தோ பாயோவில் முதலாவதைத் திறந்தது 1983இல். ஜப்பான்காரர்களின் கோபான் என்கிற தெருமுனைப் போலீஸ் சாவடியைப் பார்த்துச் செய்தது. போலீஸ்காரர் படியேறி வந்து கதவைத் தட்டி, யார் யார் இருக்கிறீர்கள், என்ன கஷ்டம் என்று கேட்டுப் பழகினார். கேமரா வந்தது கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து. கேரளாவிலும் 2008இல் ஜனமைத்ரி என்கிற மக்கள்-போலீஸ் திட்டம் தொடங்கியபோது, ரோந்து வருகிற பீட் போலீஸ்காரருக்குத் தன் எல்லையில் உள்ள வீடுகளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

செலவுக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மடலில் வாங்குகிற விலை மட்டும் உண்டு. நம்ம ஊர் உப்புக்காற்றில் கனெக்டர் எத்தனை நாள் தாங்கும்? கரண்ட் போனால் யூபிஎஸ் யார் மாற்றுவது? மாதாமாதம் ஈபி பில், இன்டர்நெட் பில் யார் பேரில்? எட்டுக் கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் போட்டாலே, படத்தின் தரத்தைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்துப் பதிவுதான் நிற்கும். 16க்குப் பாதி. பக்கத்து ஊர்களில் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிய கேமராவில் குருவி கூடு கட்டியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது சட்டம். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் குடியுரிமை மாறினவர், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளிக்குத் தருகிற ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க ஊரில் உள்ள சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், நமக்கு இரண்டும் கிடையாது. அரசு ஊழியர் வாங்கவே கூடாது. ஆகவே மாமா, உங்கள் இரண்டு பங்கும் என் ஒரு பங்கும் இதில் சேராது. 'தம்பி கணக்கில் போட்டு அவன் பேரில் அனுப்பிவிடலாம்' என்கிற யோசனையை இந்தக் குழுவில் யாரும் எழுத்தில் வைக்க வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், கேமராவைவிட நமக்கு நேரடியாகப் பயன்படுவது. 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 173ஆம் பிரிவுப்படி, புகாரை மின்னணு வழியில் அனுப்பலாம், எந்த ஸ்டேஷனிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் மூன்று நாளுக்குள் புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே இருந்துகொண்டு அது நடக்கிற காரியமா? ஊரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் புகார்தாரராக நின்றால்தான் ஆகும். அவர் போகும்போது எழுத்தர் 'ஐயா இல்லை, நாளைக்கு வாங்க' என்று சொல்லாமல் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., அன்றே கையில் கொடுத்தால் அதுவே பெரிய சமூக சேவை.

ஆகவே என் யோசனை இது. கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தம், பேங்க் முனை, பள்ளிக்கூட வாசல் என்று மூன்று இடத்தில் போடுவோம். ஊராட்சி தீர்மானம் போட்டு, சாமான் ஊராட்சி சொத்தாக இருக்கட்டும், மூன்று வருஷப் பராமரிப்புப் பணத்தையும் இப்போதே ஒதுக்குவோம். பணம் இந்திய பாஸ்போர்ட்காரர்களிடம் மட்டும். ஸ்டேஷனில் யார் பேரும் பொறித்த கல் வேண்டாம். நன்கொடை கொடுத்தவன் தம்பிக்கு ஒரு நியாயம், கொடுக்காதவன் தம்பிக்கு ஒரு நியாயம் என்கிற பேச்சு ஊரில் கிளம்பினால், கபடிப் போட்டியில் சேர்ந்த நல்ல பேர் ஒரே நாளில் போய்விடும். ஊர்ப் பையன்களுக்குப் பனியன், லத்தி எதுவும் வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதிலாக இன்ஸ்பெக்டரிடம் ஒன்று கேட்போம்: தனியாக இருக்கிற முதியவர்கள் வீட்டுக்கும் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் பட்டா நோட்டு. வருகிறவர் மாறினாலும் அடுத்தவர் தொடர்கிற மாதிரி ஸ்டேஷன் பதிவேட்டிலேயே அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பட்டியலை நாம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருப்பவர்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தெருப் பெயரையும் ஊரில் கூப்பிட வேண்டிய சொந்தக்காரர் நம்பரையும் செயலாளர் அண்ணனுக்குத் தனிமடலில் அனுப்புங்கள். 'ரிப்ளை ஆல்' அழுத்திவிடாதீர்கள், யார் வீட்டில் ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரிய வேண்டாம். பாஸ்போர்ட் எந்த நாடு என்பதையும் அதே மடலில் சேர்த்துவிடுங்கள்.

மாமா, கோபம் இருந்தால் போனில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
வடக்குத்தெருக்காரன், சிங்கப்பூர்