முதல் ரோலே வெறுமை, எங்கே தப்பு? (அவசரம்)

காசிமேட்டுப் பையன்: கழுவக் கொடுத்த பிலிம் ரோல் இப்போதுதான் வந்தது. ஒரு படம்கூட இல்லை. புது கேமரா, முதல் ரோல். அப்பா மீன் ஏலத்தில் நிற்பது, எங்கள் விசைப்படகு, எல்லாம் போச்சு. ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் மறுபடி எடுத்தாக வேண்டும். என்ன தப்பு செய்தேன்?

மின்ட் தெரு ஸ்டூடியோ: என்ன கேமரா, என்ன பிலிம், எத்தனை மணிக்கு எடுத்தது தம்பி?

வெள்ளி உப்பு: விவரம் போட்டுவிட்டு உதவி கேளுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

காசிமேட்டுப் பையன்: மன்னிக்கவும். ஹாஃப் பிரேம் (ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம்), பிளாஸ்டிக் பாடி. லென்ஸ் திறப்பு எஃப் 9.5, ஷட்டர் 1/100 நொடி என்று போட்டிருக்கிறது. பிலிம் ஐஎஸ்ஓ (வெளிச்சம் வாங்கும் திறன்) 200 கலர். ஏலம் காலை 4 மணி.

வெள்ளி உப்பு: விடை அதிலேயே இருக்கிறது. அந்த லென்ஸுக்கும் 200க்கும் மேகம் மூடிய பகலாவது வேண்டும். படிக்காமல் வாங்கினால் இப்படித்தான்.

யாஷிகா மாமா: பழைய யாஷிகா எம்எஃப்-2 ஒன்று தேடிப் பிடித்திருக்கலாம். கண்ணாடி லென்ஸ்.

ராயபுரம் அக்கா: பிடித்து? கதவோரப் பஞ்சு பொடிந்து வெளிச்சம் உள்ளே புகும், சரிசெய்ய ஆள் தேடி அலைய வேண்டும். என் மகளுக்கும் இதே மாதிரி ஹாஃப் பிரேம் புதுசுதான் வாங்கிக் கொடுத்தேன். திருப்ப ஒன்றுமில்லை, வெளிச்சத்தையும் முகத்தையும் மட்டும் பார்க்கிறாள். 36 பட ரோலில் 72 படம். பிலிம் விற்கிற விலைக்கு அது சின்ன விஷயமா?

யாஷிகா மாமா: ஊட்டியில் செய்த 'இந்து' (Indu) பிராண்ட் பிலிமில் கற்றவன் நான். 36 படம் என்றால்தான் யோசித்து எடுப்போம் அம்மா.

ராயபுரம் அக்கா: யோசிக்க முதலில் பயம் போக வேண்டும் சார்.

மின்ட் தெரு ஸ்டூடியோ: அது அப்புறம். தம்பி, நெகட்டிவை டியூப்லைட்டில் பிடியுங்கள். துளை ஓரத்தில் எண்கள் தெரிகிறதா? பகலில் ஏதாவது எடுத்தீர்களா?

காசிமேட்டுப் பையன்: எண்கள் கறுப்பாக இருக்கின்றன, நடுவில் வெறும் ஆரஞ்சு. ராயபுரம் ஸ்டேஷனை உச்சி வெயிலில் எடுத்தேன், அதுவும் இல்லை. பிலிமை நகர்த்தும் சக்கரம் எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் நாலு சுற்றிலேயே முடிந்துவிட்டது.

மின்ட் தெரு ஸ்டூடியோ: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆயிற்றே! எண்கள் வந்திருப்பதால் கழுவினவர் மேல் பிழையில்லை. வெயிலில் எடுத்ததும் இல்லாததால் வெளிச்சம் மட்டும் காரணமில்லை. பிலிம் நுனி சுருளில் மாட்டவே இல்லை. ஒரு படத்துக்கான பிலிம் நகர்ந்ததும் சக்கரம் நின்றுவிட வேண்டும். அடுத்த முறை நுனியைச் செருகி, துளைகள் பல்லில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுக் கதவை மூடுங்கள். ரீவைண்ட் கைப்பிடியைத் தளர்வு போகும்வரை மெல்லத் திருப்பி, பிறகு சக்கரத்தைச் சுற்றுங்கள். கைப்பிடியும் கூடவே திரும்பினால் பிலிம் ஓடுகிறது. வெள்ளி உப்பு சொன்ன வெளிச்சமும் உண்மைதான். 400 பிலிம் போட்டு, விடிந்த பிறகு எடுங்கள். இருட்டில் என்றால் ஃபிளாஷ், அதுவும் கிட்டத்தில்.

வெள்ளி உப்பு: 4 மணிப் படங்கள் எப்படியும் வந்திருக்காது.

காசிமேட்டுப் பையன்: 400 ரோல் மாட்டிவிட்டேன், கைப்பிடி திரும்புகிறது. நன்றி அண்ணா. ஞாயிறு ஏழு மணிக்கு அப்பாவோடு துறைமுகம் போகிறேன்.