ஸ்கூபா மாஸ்க்கில் தண்ணீர் இறங்குது: மீசையும் பவர் கண்ணாடியும் உள்ளவர் எதை வாங்கலாம்?

தகடூர்வாசி (தருமபுரி)

எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரியில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபாவுக்கான ஆரம்பப் பயிற்சி) பண்றேன். நீச்சல்குளத்துப் பயிற்சி முடிஞ்சுது, கடல் டைவ் பாக்கி. பயிற்சியில் கொடுக்கிற மாஸ்க்கில் தண்ணீர் இறங்கிக்கிட்டே இருக்கு, மூக்குக்குக் கீழே வந்து தேங்குது. ஸ்ட்ராப்பை இறுக்கினா குறையலை, கூடுது.

சொந்தமா ஒண்ணு வாங்கணும். ஒடுங்கின முகம், மீசை உண்டு, ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.5. ஆன்லைனில் பார்த்தா விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கு. விலை கூடினது ஒழுகாதா? வீட்டிலிருந்தே ஆர்டர் போடலாமா, பெங்களூரு போய்த்தான் ஆகணுமா?

ஓசூர் டைவர்

விலைக்கும் ஒழுகலுக்கும் சம்பந்தம் இல்லைங்க. உங்க முகத்துக்கு அமையுதாங்கிறதுதான் கணக்கு. அதனால ஆன்லைன் வேண்டாம். கிருஷ்ணகிரி தாண்டினா பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், ஒரு நாள் ஒதுக்கி நேரில் போய் நாலஞ்சு மாடலை முகத்தில் வெச்சுப் பாருங்க.

கடையில் முதல் வேலை, ஸ்ட்ராப்பை எடுத்துக் கண்ணாடிப் பக்கம் முன்னால போட்டுடுங்க. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கிட்டு மாஸ்க்கை முகத்து மேல சும்மா வையுங்க. அழுத்தக் கூடாது, மூச்சும் இழுக்கக் கூடாது. அதன் எடையிலேயே சிலிக்கான் ஸ்கர்ட் (முகத்தில் படியிற மென்மையான ஓரப் பகுதி) சுத்திலும் தோலைத் தொடணும்: நெற்றி, கண்ணோரம், கன்னம், மேலுதடு. இடைவெளி இருக்கான்னு உங்களால பார்க்க முடியாது, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. ஒடுங்கின முகத்துக்கு அகலமான மாஸ்க் போட்டா கண்ணோரத்துலதான் முதல்ல சந்து விழும். அந்த இடத்தை ரெண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்தது, மூக்கால ரொம்ப மெல்ல இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத் தலையைக் குனியுங்க. மாஸ்க் விழாம நிக்கணும். நிறைய பேர் ஏமாறுறது இந்த இடத்துலதான். பலமா இழுத்தா எந்த மாஸ்க்கும் ஒட்டிக்கும், ஏன்னா ஸ்கர்ட் அமுங்கி சந்தை மூடிடும். தண்ணிக்குள்ள நீங்க அப்படி இழுத்துக்கிட்டே இருக்கப் போறதில்லை.

மூணாவதை விட்டுடாதீங்க. ரெகுலேட்டர் மவுத்பீஸோ (சிலிண்டர் காத்தை இழுக்க வாயில் கடிக்கிற பாகம்) ஸ்நார்க்கலோ (மூச்சுக் குழாய்) கேட்டு வாங்கி, வாயில் கடிச்சுக்கிட்டே மேலே சொன்ன ரெண்டையும் திரும்பப் பண்ணுங்க. வாயில் அது இருக்கும்போது மேலுதட்டோட வடிவமே மாறும், மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரைக்கும் ஓடுற மடிப்பு ஆழமாகும். வெறும் வாயோட கச்சிதமா இருந்த மாஸ்க் இதில் தோத்துடும். கூடவே, மூக்கை வெளியிலிருந்து ரெண்டு விரலால் அடைச்சுப் பிடிக்க முடியுதான்னும் பாருங்க. காது அழுத்தத்தைச் சமன் பண்ண அது வேணும்.

கண்ணாடியில் ‘டெம்பர்ட்’னு (உறுதியாக்கின கண்ணாடி) பொறிச்சிருக்கணும். நீச்சல் காகிள்ஸ், முழு முகத்தையும் மூடுற ஸ்நார்க்கல் மாஸ்க் ரெண்டும் ஸ்கூபாவுக்கு ஆகாது.

மத்தூர்க்காரன்

ஓசூர் அண்ணன் சொன்னது வாங்குறதுக்கு. இப்ப கையில் இருக்கிற மாஸ்க் ஏன் ஒழுகுதுன்னும் தெரிஞ்சுக்கணும், இல்லைன்னா புதுசுலயும் அதே கதைதான் தம்பி.

இறுக்கினா ஏன் கூடுது? குக்கர் கேஸ்கட் உள்ளிருக்கிற அழுத்தத்தால மூடிக்கிற மாதிரி, ஸ்கர்ட் வெளியில் இருக்கிற தண்ணி அழுத்தத்தால முகத்தோட ஒட்டுது. ஸ்ட்ராப் நழுவாம பிடிச்சுக்க மட்டும்தான். இழுத்துக் கட்டினா ஸ்கர்ட்டோட மெல்லிய விளிம்பு மடங்கி, மடிஞ்ச இடத்தில் வழி உண்டாகும். ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு விரல் சுலபமா நுழையணும். காதுக்கு மேல, பின்மண்டை புடைப்பு மேல உட்காரணும். கழுத்துப் பக்கம் இறங்கினா மாஸ்க் சரியா உட்காராது.

மூக்குக்குக் கீழே தேங்குறதால ஓட்டை அங்கேதான்னு முடிவு பண்ணாதீங்க. எங்கே புகுந்தாலும் தண்ணி அங்கேதான் வந்து சேரும். நீச்சல்குளத்தில் முகத்தை முக்கிக்கிட்டு ஸ்கர்ட்டை ஒவ்வொரு இடமா விரலால் லேசா அழுத்திப் பாருங்க. எங்கே அழுத்தும்போது நிக்குதோ அதுதான் இடம். நெற்றின்னா உள்ளே முடி மாட்டியிருக்கும். ஒத்தை முடி போதும். கண்ணோரம்னா அகலம் ஒத்துவரலை. மேலுதடுன்னா மீசை.

மாஸ்க்கே பழுதான்னு பார்க்க, கண்ணாடி கீழே இருக்கிற மாதிரி பிடிச்சு உள்ளே தண்ணி ஊத்துங்க. கண்ணாடியும் ஸ்கர்ட்டும் சேர்ற இடத்தில் சொட்டினா முகத்து மேல தப்பில்லை. மூக்கில் பர்ஜ் வால்வு (உள்ளே வந்த தண்ணியை ஊதி வெளியேத்துற மடல்) உள்ள மாடல்னா அந்த மடலுக்கு அடியில் மணல் இருக்கான்னு கழுவிப் பாருங்க.

இன்னொண்ணு, புதுசா கத்துக்கிறவங்களில் பாதிப் பேர் ‘ஒழுகுது’ன்னு சொல்றது ஒழுகலே இல்லைங்கிறது என் கருத்து. மூக்கால மூச்சு விடுறாங்க. விடுற ஒவ்வொரு தடவையும் ஸ்கர்ட் தூக்கி காத்து வெளியே போகும், அது மூடுறதுக்குள்ள கொஞ்சம் தண்ணி உள்ளே வரும். உங்க மாஸ்க் ஓரத்திலிருந்து குமிழி போகுதான்னு பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்க. போச்சுன்னா மாஸ்க் மேல பழி போடாதீங்க. கீழே இறங்கும்போது மட்டும் மூக்கால கொஞ்சம் விடணும். 10 மீட்டரில் அழுத்தம் ரெண்டு மடங்காகி உள்ளிருக்கிற காத்து பாதியா சுருங்கும், விடலைன்னா மாஸ்க் முகத்தைக் கவ்விக் கண்ணு சிவந்துடும்.

தகடூர்வாசி

ரொம்ப நன்றி அண்ணா. மீசையை முழுசா எடுத்துத்தான் ஆகணுமா? தங்கச்சியும் சேர்றதா இருக்கா, மூக்குத்தி போட்டிருக்கா. அதனால ஏதாவது தொந்தரவு வருமா?

பாலக்கோடு அக்கா

மீசையை எடுக்க வேண்டாம் தம்பி. மூக்குத் துவாரத்துக்குக் கீழே, ஸ்கர்ட் படியிற பட்டைக்கு மட்டும் சில மில்லிமீட்டர் மழிச்சா போதும், உதட்டுப் பக்கம் அப்படியே இருக்கட்டும். மழிச்சு ரெண்டு நாளான குத்து முடி மீசையை விட மோசம், டைவ் அன்னைக்குக் காலையிலேயே பண்ணிடுங்க. அதுவும் வேண்டாம்னா சிலிக்கான் கிரீஸை மீசை வேரில் மெல்லிசா தடவுங்க. குறையும், ஆனா முழுசா நிக்காது.

தங்கச்சி மூக்குத்தி மூக்குப் பைக்குள்ள போயிடும், ஒழுகாது. காதுக்காக மூக்கைப் பிடிக்கும்போது குத்தும். தட்டையான சின்ன மூக்குத்தியா மாத்திக்கட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வெச்சிருந்தா நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் மாஸ்க் போடணும், எண்ணெய்ப் பசையில் ஸ்கர்ட் வழுக்கும். சன்ஸ்க்ரீனும் அப்படித்தான், கண்ணும் எரியும்.

பவருக்கு: கண்ணாடி போட்டுக்கிட்டு மாஸ்க் போட முடியாது, அதன் காம்பு ஸ்கர்ட்டைத் தூக்கிடும். ரெண்டு தனி லென்ஸ் உள்ள மாடல்கள் சிலதில், லென்ஸைக் கழட்டிட்டுப் பவர் லென்ஸ் மாட்டிக்கலாம். அது 0.5 படியா வரும், உங்க மைனஸ் 2.5 சுலபமா கிடைக்கும். முதல்ல முகத்துக்கு அமையிற மாஸ்க்கைப் பிடிங்க, அப்புறம் அதுக்குப் பவர் லென்ஸ் உண்டான்னு கேளுங்க. தலைகீழாப் பண்ணினா பவர் சரியா இருக்கும், தண்ணி நிக்காது. சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்துக்கான பவர்) அதிகமா இருந்தா இந்த ரெடிமேட் லென்ஸ் ஒத்துவராது, தனியா செய்யணும்.

புது மாஸ்க் கண்ணாடியோட உள்பக்கம் தயாரிப்பில் படிஞ்ச மெல்லிய படலம் இருக்கும், அது போகாம எது தடவினாலும் பனி மூட்டம் போடும். ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டை விரலால் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, ரெண்டு மூணு தடவை. பூச்சு போட்ட லென்ஸ்னா இதைச் செய்யாதீங்க. டைவுக்கு முன்னாடி தண்ணி கலந்த பேபி ஷாம்பூ ஒரு சொட்டு தடவி, லேசா அலசினா போதும்.

ஓசூர் டைவர்

ஒரு விஷயம் விட்டுப் போச்சு. வாங்கி வந்ததும் சோதிக்கிறேன்னு கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ இறங்கிடாதீங்க. இழுப்பும் ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் அகலமான அண்டாவில் தண்ணி பிடிச்சு, ஸ்நார்க்கல் கடிச்சுக்கிட்டு முகத்தை முக்கி அஞ்சு நிமிஷம் இருங்க, பக்கத்தில் ஒருத்தரை வெச்சுக்கிட்டு. வாயாலயே மூச்சு விடுங்க, தலையை ரெண்டு பக்கமும் திருப்புங்க. சொட்டு ரெண்டு சொட்டு வந்தா சகஜம். அதுக்கு மேல போனா பில்லோட மாஸ்க்கைக் கொண்டு போய் மாத்திக்கலாம். மாத்தித் தருவாங்களான்னு வாங்கும்போதே கேட்டு வெச்சுக்குங்க.