ஓ-யூ-ஜி-ஹெச் உங்களை எங்கே மாட்டிவிட்டது?

கருவேலங்காடு
நாலு வருஷம் ஆச்சு. இன்னும் குளிக்கும்போது ஞாபகம் வந்தா "ச்சே"ன்னு வாய்விட்டே சொல்லிடுறேன்.

சென்னையில ஒரு இன்டர்வியூ, மூணாவது ரவுண்டு. ஒரு தாளைக் கொடுத்துச் சத்தமா வாசிக்கச் சொன்னாங்க. விவசாயம் பத்தி. வறட்சிக்கான இங்கிலீஷ் வார்த்தை முதல் வரியிலேயே வந்து நிக்குது, நடுவுல ஓ-யூ-ஜி-ஹெச் (ough). அதே நாலு எழுத்தோட வாங்கினது 'பாட்', நினைச்சது 'தாட்', சண்டை போட்டது 'ஃபாட்'. அப்போ இது 'ட்ராட்'தானே? அஞ்சு இடத்துல 'ட்ராட்', கம்பீரமா. எதிரே இருந்தவர் குறுக்கிடவே இல்லை. முடிச்சதும், "ஸோ, வாட் காஸஸ் எ ட்ரவுட்?"னு கேட்டார். அந்த 'ட்ரவுட்'டை மட்டும் மெதுவா, குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி.

நான் ராமநாதபுரம் ஜில்லா. கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கிறதைப் பார்த்து வளர்ந்தவ. அந்த ரூம்ல வறட்சியைப் பத்தி அதிகம் தெரிஞ்ச ஆள் நான்தான். ஒரு பதில் வரலை.

உங்களுக்கு எந்த வார்த்தை?

நாகர்கோவில் சிஸ்டர்
எனக்கு மாட்டுத்தொட்டி!

இங்கிலாந்து வந்து மூணாவது வாரம், நைட் டியூட்டி. ஜென்டாமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் ஓடுற பேஷன்ட். அடுத்த டோஸுக்குக் கொஞ்சம் முன்னால ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்க்கணும். இறங்காம அடுத்ததைப் போட்டா கிட்னிக்கும் காதுக்கும் ஆபத்து. அந்த அளவுக்கு ஒரு பேர் உண்டு, எழுத்துல மட்டுமே பார்த்திருக்கேன். லேபுக்குப் போன் போட்டு "த்ரூ லெவல் ப்ளீஸ்"ன்னேன். "த்ரூ டு ஹூம்?"னு கேட்டாங்க. யாருக்கோ லைன் கேட்கிறேன்னு நினைச்சு மாத்திவிட்டுட்டாங்க. திரும்பப் போட்டேன், திரும்பவும் மாத்திவிட்டாங்க. மூணாவது தடவை செக்யூரிட்டி எடுத்தாரு.

பக்கத்துல சார்ட் எழுதிட்டிருந்த ஸ்டாஃப் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ட்ராஃப்."

ட்ராஃப்னா மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி. எங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒண்ணு உண்டு. ஏறி இறங்குற கோட்டுல பள்ளமான இடத்துக்கும் அதே பேருதான். இருமல் 'காஃப்' சரியா வருது, இது ஏன் வரலைன்னு விடியும்வரை யோசிச்சேன். தலையும் இல்லாத வாலும் இல்லாத பாஷை.

ஓய்வுபெற்றவன்
சிஸ்டர் அவசரப்பட்டுப் பழிக்கிறார். முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், "ஏர் 'ப்ளவ்'னா, இருமல் ஏன் 'கவ்' இல்லை சார்?" என்றான். உட்காரச் சொல்லிவிட்டேன். அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் அனுபவம் அவ்வளவே.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது. அந்த ஜி-ஹெச் ஒரு காலத்தில் வீணாக நிற்கவில்லை. தொண்டையில் உரசி வந்த ஒலி அது. நம் 'அஃது'வில் உள்ள ஆய்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரிக்குச் சொல்லும் 'லாஹ்' என்ற சொல்லின் கடைசியில் அதை இன்றும் கேட்கலாம். இங்கிலாந்தின் முதல் அச்சாளர் கேக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. நாக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. அந்த ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது.

ஆகவே எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கொண்டு குவியல் போடுங்கள். முரட்டுத்தனம் 'ரஃப்', கடினம் 'டஃப்', போதும் 'இனஃப்' ஒரு குவியல். மரக்கிளை 'பவ்', ஏர் 'ப்ளவ்', வறட்சி 'ட்ரவுட்' ஒரு குவியல். கொண்டுவந்தது, வாங்கியது, தேடியது, நினைத்தது எல்லாம் இறந்தகால வினை, 'ஆட்' என்றே முடியும். ட்ரவுட் இறந்தகாலமா? இல்லை. உலர்ந்தது என்னும் 'ட்ரை'யோடு பிறந்த பெயர்ச்சொல். கருவேலங்காடு அதைக் கவனித்திருந்தால் தப்பித்திருக்கலாம். தினமும் பத்துச் சொல், கையால் எழுதி, உரக்கச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியில் அல்ல, நோட்டில். மேலும், நம் 'க' ஒரே எழுத்துக்கு எத்தனை ஒலி? கல், பகல், தங்கம். அதை யாரும் குறை சொல்வதில்லையே?

வடமராட்சி
சேர், 'க'வை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. முதல்ல வந்தா ஒரு ஒலி, நடுவில வந்தா ஒண்டு, 'ங்'குக்குப் பிறகு வந்தா இன்னொண்டு. இடத்தைப் பார்த்தே சொல்லலாம். ஓ-யூ-ஜி-ஹெச்சில எந்த இடத்தைப் பார்க்கிறது? 'காஃப்'க்கும் 'பவ்'வுக்கும் முதல் எழுத்து மட்டும்தானே வித்தியாசம்?

என்ர கதை. படிக்க வந்த புதுசு, லண்டன் செயின்ட் பாங்க்ரஸில ரயில் டிக்கெட் எடுக்க நிண்டனான். போற ஊரின்ர பேரில அந்த நாலு எழுத்தும் ரெண்டு தரம் வருது. 'லவ்பரவ்' எண்டன். கவுண்டரில இருந்த மனுசி "சொறி, லவ்?" எண்டா. 'லோபரோ' எண்டன். பின்னால வரிசை நீளுது. கடைசியில உள்ளங்கையில எழுதிக் கண்ணாடியில ஒட்டிக் காட்டினன். மனுசி சிரிச்சா: "ஓ, லஃப்பரா!"

ஒரே பேர். முதல் துண்டுக்கு 'அஃப்', ரெண்டாம் துண்டுக்கு வெறும் 'அ'. இதை எந்தக் குவியலில போடுறது சேர்?

பரோட்டா மாஸ்டர்
எனக்கு உல்டா. காதுல கேட்டேன், எழுத்து தெரியாது. துபாய்ல ஓட்டல் கிச்சன், முதல் நாள். செஃப் வந்து "ப்ரெஸ் த டோ, ப்ரெஸ் த டோ"ங்கிறார். டோன்னா கால்விரல்னு ஸ்கூல்ல படிச்சது. குனிஞ்சு ஷூவைப் பார்த்தேன். அவரும் என் ஷூவைப் பார்த்தார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஷூவையே பார்த்துக்கிட்டு நின்னோம்.

பிசைஞ்ச மாவுதான் அந்த டோ. மூட்டையில வர்ற உலர்ந்த மாவு வேற வார்த்தை.

அப்புறம், அமெரிக்காக்காரன் ஏரை ஜி-ஹெச் இல்லாமத்தான் எழுதுறான்னு மச்சான் சொல்றான். வெப்ஸ்டர் 1828-ல போட்ட டிக்‌ஷனரியிலயே அப்படித்தானாம். அவரு கொஞ்சம் தள்ளி வந்து என் மாவையும் கவனிச்சிருக்கலாம்.

சப்டைட்டில் பிழைப்பு
பாம்பு உரிச்ச சட்டை 'ஸ்லஃப்'. அதே எழுத்துல சேறு 'ஸ்லவ்'. காட்டு விலங்குப் படத்துக்கு வசனம் எழுதுறப்போ "பாம்பு தன் சேற்றைக் கழற்றியது"ன்னு போட்டுட்டேன். படம் வெளியே போன பிறகுதான் பார்த்தேன்.

கருவேலங்காடு
@ஓய்வுபெற்றவன் சார், நோட்டு இருக்கட்டும். உங்க பதிலைப் படிச்சு உட்கார்ந்து குவியல் போட்டதுல வேற ஒண்ணு மாட்டுச்சு. அந்தத் தாள்ல கடைசி வரியில 'முழுமையான ஆய்வு'ன்னு ஒரு தொடர் இருந்தது. 'தரோ'ன்னு படிக்கணுமாம். நான் 'த்ரூ'ன்னு படிச்சிருக்கேன். அதுக்கு அவர் ஒண்ணுமே சொல்லலை.